அத்தான் எழுதிய செருகுநிரல்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘செக்போஸ்ட்’ என்று பெயர். மற்றவர்கள் எழுதிய நிரல்களை வாங்கி, யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது அவள் வேலை. குறை கண்ணில் பட்டால் லேசில் விடமாட்டாள். தனக்கு வைத்த பெயர் அவளுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

அந்த முறை அவள் மேசைக்கு வந்தது அக்காள் கணவர் எழுதிய செருகுநிரல், பெரிய நிரலோடு ஒட்டவைக்கிற பிளக்-இன். அத்தான் ஒரு டெலிபோன் கம்பெனியில் இருந்தார். அங்கே ஒரே சர்வரில் பல நிரல்கள் கன்டெய்னர் என்கிற தனித்தனித் தடுப்புகளுக்குள் ஓடும். பிராசஸருக்குள் கணக்குப் போடுகிற கோர்களை எல்லாம் மாறி மாறிப் பங்கு போட்டுக்கொள்ளும். பேச்சைக் கடத்தும் நிரலுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. தன் முறைக்காகக் கண்ணிமைக்கும் நேரம் காத்திருந்தாலும் குரல் வெட்டி வெட்டிக் கேட்டது. அதற்கென்று சில கோர்களைத் தனியாக ஒதுக்கிக் கொடுக்கத்தான் இந்தச் செருகுநிரல். அத்தான் ராப்பகலாக உட்கார்ந்து எழுதியிருந்தார். எழுத்தும் சுத்தமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு இடம் இடித்தது. எந்தெந்த கோர்களை ஒதுக்கலாம் என்று குறிக்கிற இடத்தைக் காலியாக விட்டால், இருக்கிற அத்தனையையும் அது கன்டெய்னர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டது. சொந்த வேலைக்கு ஒரு கோர் கூட இல்லாமல் சர்வர் விறைத்து நின்றது. மூலையிலிருந்த பழைய சர்வரில் மறுபடியும் நிறுவிப் பார்த்தாள். மறுபடியும் பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இப்படியே வெளியிட முடியாது என்று அத்தானுக்கு எழுதி அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே அக்காள் போன் செய்தாள்.

“ஏன்டி, உங்க அத்தான் சரியாவே சாப்பிடல. நீ என்னவோ தடுத்து வெச்சிருக்கியாமே?”

“தடுக்கலக்கா. மெஷின் நின்னு போகுது.”

“வீட்டு ஆளுக்குக் கூட விட்டுக்கொடுக்க மாட்டியா?”

“வீட்டு ஆளுன்னு மெஷினுக்குத் தெரியாதேக்கா.”

அக்காள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டொரு நாளில் அத்தானே அலுவலகத்துக்கு வந்தார். முகம் இறுகியிருந்தது.

“அந்த இடத்தை நிரப்பணும்னு தெளிவா எழுதி வெச்சிருக்கேன். நிரப்பாம விட்டா அது விடறவன் தப்பு.”

அவள் வாதாடவில்லை. பழைய சர்வருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நீங்களே ஒருவாட்டி நிறுவுங்க அத்தான்.”

அவர் மளமளவென்று தட்டினார். கேள்வி வர வர, கைப்பழக்கத்தில் என்டரைத் தட்டிக்கொண்டே போனார்; எந்தெந்த கோர்கள் என்ற கேள்வியும் காலியாகவே தாண்டிப் போனது. சர்வரின் மின்விசிறிகள் இரையத் தொடங்கின. திரை அப்படியே நின்றது. மவுசை அசைத்தார், அம்பு நகரவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “குடிக்கத் தண்ணி இருக்கா?” என்று கேட்டார் அத்தான்.

ஒரு வாரத்தில் திருத்திய நிரல் வந்தது. முதல் இரண்டு கோர்கள் எப்போதும் சர்வருக்கே; இடம் காலியாக இருந்தால் எதையும் ஒதுக்காது. அவளும் தன் பங்கு வேலையை முடித்தாள். இணையமே இல்லாத கணினியிலும் மூலநிரலிலிருந்து பேக்கேஜ் உருவாகும்படி செய்தாள்; யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்கிற, விடுபட்டிருந்த உரிமக் கோப்பை அவரிடமே கேட்டு வாங்கிச் சேர்த்தாள்; பேக்கேஜை நீக்கினால் ஒதுக்கிய கோர்கள் பொதுவுக்குத் திரும்புகின்றனவா என்று பார்த்தாள். பிறகுதான் வெளியிட்டாள்.

டெலிபோன் கம்பெனி அதை எல்லா சர்வர்களிலும் போட்டுக்கொண்டது. அத்தானுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அவருடைய கோபம் அந்த நாற்காலியிலேயே தணிந்துவிட்டது. அக்காளுக்குத்தான் ஆறவே வெகுநாளாயிற்று. ஆனாலும் அடுத்து எழுதிய நிரலை அத்தான் வேறொருவரிடம் கட்டக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டபோது அவளுக்கு மனசு சுருக்கென்றது. கணவனிடம் மட்டும் சொன்னாள்.

“உன்கிட்டயே குடுத்திருந்தா விட்டிருப்பியா?” என்றான் அவன்.

“பார்த்துட்டுத்தான்” என்றாள்.