அண்டா மூடியில் வைத்த கை

விரி என்ற புறநகரிலுள்ள கிடங்கில் வேலை முடிந்ததும், ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே மவுண்ட் ஆல்பர்ட் மண்டபத்துக்கு வந்துவிடுவார் எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர். ஆண்டுக் கூட்டத்தில் அடுத்த குழு அமையும்வரை பிரியாணி அண்டாவைத் திறக்க விடமாட்டார். சாப்பிட்டால் சனம் கலைந்துவிடும்.

தலைவராக என் கடைசிக் கூட்டத்தில், சக நிர்வாகிகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினேன். அவர் மட்டும் அண்டாவை விட்டு வரவில்லை. நானே இறங்கிப் போனேன்.

"அக்கா, நீங்க இல்லேன்னா இந்தச் சங்கமே இல்ல."

"ஓம், தெரியும். இப்ப அடுத்த தலைவர் ஆரெண்டு கேளுங்கோ," என்றார், மூடியிலிருந்து கையை எடுக்காமல்.

கேட்டேன். பசியில் கைகள் உயர்ந்தன. எல்லாப் பதவிகளும் நிரம்பிய பிறகே பிரியாணி மணத்தது.

அவருடைய குழுவில் இருந்தேன் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறேன். அப்போது நான்தான் தலைவர் என்பது எனக்கே நினைவுக்கு வருவதில்லை.