கவுன்சிலர்கள் பார்த்த குதிரைத் தொடர்

சீசன் இல்லாத குற்றாலத்தில் சமையல்காரனுக்கு வேலை கிடைப்பது லேசில்லை. அருவி நூல்போல இறங்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆள் வராமல் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லாட்ஜ்களில் பாதி பூட்டிக் கிடக்கும். அப்படியொரு மாசி மாதத்தில், கொல்லத்தில் பார்த்த முந்திரி ஆலை வேலையை விட்டுவிட்டு, செங்கோட்டை வழியாக வந்து அங்கே இறங்கினேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன். மும்பையில் இட்லி ஊற்றியிருக்கிறேன். ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, கால் நிற்காது, அவ்வளவுதான். சாப்பிடாமல் கிடந்த நாட்களும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் பசிக்கும், அப்புறம் தூக்கம் வரும்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜ்காரர், எனக்குச் சமையல் தெரியும் என்றதும் பிடித்துக்கொண்டார்.

"கவுன்சிலர்மாரு தங்க வாராவ. மூணு வேளையும் சமைச்சுப் போடணும். யாரு, எவருன்னு கேக்கப்பிடாது. முடியுமா மாஸ்டர்?"

எனக்குக் கேட்க என்ன இருக்கிறது? என் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

பேரூராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் ஜெயிக்கிற நாளுக்கும் தலைவர் தேர்தலுக்கும் இடையில் கொஞ்ச நாள் இருக்கும். அந்த இடைவெளியில் யாரும் கைமாறிவிடாமல் இருக்க, தங்கள் பக்கத்து ஆட்களை வேனில் ஏற்றி எங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்குக் குற்றாலம்தான் வசதி. குளிக்கவும் ஆச்சு, அடைக்கவும் ஆச்சு.

வந்தவர்கள் பாவூர்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவர்கள். ஊரில் பதினைந்து வார்டு. ஏழு இந்தக் கட்சி, ஏழு அந்தக் கட்சி, ஒன்று சுயேச்சை. இந்த ஏழும் அந்த ஒன்றும் எங்கள் லாட்ஜில். பெண் கவுன்சிலர்களோடு அவர்களுடைய வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். யார் கவுன்சிலர், யார் கவுன்சிலரின் கணவர் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை, ஏனென்றால் பேசியதெல்லாம் கணவர்கள். தனியாக வந்தது சுயேச்சை அக்கா மட்டும்தான். ஐம்பது வயதிருக்கும். ஊரில் இட்லிக்கடை வைத்திருப்பவர்.

எல்லாரையும் காவல் காக்க ஒரு பொறுப்பாளர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. வந்ததும் எல்லார் செல்போனையும் ஒரு மஞ்சள் பையில் வாங்கிப் பூட்டினார். செய்தித்தாள் போடுகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். கடைசியாகக் கேபிள்காரரைக் கூப்பிட்டு, "செய்தி வாற சேனல் ஒண்ணுகூட இருக்கப்பிடாது" என்றார்.

கேபிள்காரர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷர். செய்தி என்பதே எட்டிப் பார்க்காத சேனல் எது என்று தேடியிருக்கிறார். சினிமாச் சேனலில் கீழே ஒரு வரி ஓடுகிறது. பாட்டுச் சேனலில் நடுவே தலைவர்கள் சிரிக்கிறார்கள். சாமி சேனலில்கூட விளம்பரத்தில் கட்சி வந்துவிடுகிறது. ஒரே ஒரு சேனலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அறுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துப் போடுகிற சேனல் அது. போட்டால் குதிரை, தொப்பி, துப்பாக்கி.

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "இது ஒண்ணும் செய்யாது. பாக்கட்டும்." தேர்தல் வேலையில் ஊறிய ஆள். ஆனாலும் அவர் செய்த தப்பு அதுதான்.

சாப்பாட்டு ஹாலில்தான் டிவி இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் தொடர் தொடங்கும். நான் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு, புளியங்குடி எலுமிச்சையை ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். பொட்டல் காட்டில் ஒரு சின்ன ஊர். ஊருக்குக் காவல் அதிகாரி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஷெரீப் என்பார்கள். ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் தன் ஆளை நிறுத்துகிறார். ரயில் பாதை போட வந்த கம்பெனிக்காரர் தன் ஆளை நிறுத்துகிறார். நடுவில் மதுக்கடைக்காரர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் ஊற்றிக்கொடுக்கிறார். குதிரையில் வருகிற முரடர்களெல்லாம் தமிழில் "வணக்கம் ஷெரீப் அவர்களே" என்று பேசியதால் முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் குளிக்கப் போனவர்கள் ஈரத் தலையோடு ஓடிவந்தார்கள்.

"ஏலே, இந்த மாட்டுக்காரன் நடைய பாத்தியா? அப்படியே நம்ம மாவட்டந்தாம்லே" என்றார் ஒருவர். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர்.

"மெதுவாச் சொல்லும்வே. வெள்ளச் சட்ட வெளியதான் நிக்கி."

"ரயில் கம்பெனிக்காரன்தான் நம்ம காண்ட்ராக்டரு. ரெண்டு கட்சிக்கும் படியளக்கான் பாரு."

அன்றைய தொடரில் மாடுகளுக்குச் சூடு போட்டார்கள். பழுத்த இரும்பைத் தொடையில் வைத்து, இது இன்னாருடைய மாடு என்று அடையாளம். திருடுகிறவர்கள் அந்தச் சூட்டின் மேலேயே இன்னும் ஒரு கோடு இழுத்து வேறு அடையாளமாக மாற்றிவிடுகிறார்கள். ஹாலில் ஒரு பெரியவர் இருந்தார், மூன்று கட்சியில் இருந்து மூன்றிலும் ஜெயித்தவர். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. வேட்டியின் கட்சிக் கரையைத் தூக்கிக் காட்டினார்.

"என்னலே பாக்கிய? எனக்கு மூணு சூடு இருக்கு. மூணும் நல்லா ஆறிப் போச்சு. ஒனக்கு இன்னும் ஒண்ணே ஆறல."

நான் எலுமிச்சையை விட்டுவிட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது. வாழ்நாளெல்லாம் அந்நியர்களுக்குச் சமைத்துப் போட்டவன் நான். அந்த ஹாலில்தான் என்னையும் கூட ஒரு ஆளாக உட்காரவைத்துக்கொண்டார்கள். "மாஸ்டர், நேத்து எங்கன விட்டான்?" என்று என்னைக் கேட்டுத்தான் தொடங்குவார்கள். இன்றைக்கும் எந்த ஊர்ச் சமையலறையில் எலுமிச்சை நறுக்கினாலும் குதிரைக் குளம்புச் சத்தம் காதில் விழுகிறது.

சுயேச்சை அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அதிகம் பேசமாட்டார். மாவு அரைக்க வந்து நிற்கும்போதுதான் என்னிடம் பேசுவார். சும்மா இருக்கக் கை பழகவில்லை என்று அவராகவே அரைக்க வந்தார். எதற்காகத் தேர்தலில் நின்றார் என்பதை அப்படித்தான் சொன்னார்.

"எங்க தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது மாஸ்டர். வயல் வழியாப் போயி வாய்க்கால்ல எறங்கி ஏறணும். எங்க வீட்டுக்காரரு போனது ஐப்பசி. பாதையெல்லாம் சேறு, வாய்க்கால்ல கழுத்தளவு தண்ணி. பாடையத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போனானுவ. அப்படியும் கால் நனைஞ்சிட்டு."

சிற்றாற்றுத் தண்ணீர்தான் அந்த வாய்க்காலில் ஓடுகிறது. எங்கள் லாட்ஜுக்கு மேலே அருவியாக விழுவதும் அதே தண்ணீர். சாரல் மாதத்தில் ஜனங்கள் கூச்சல் போட்டுக் குளித்துவிட்டுப் போகிற தண்ணீர், கீழே போய் அந்த மனுஷரின் காலை நனைத்திருக்கிறது.

பாதையும் பாலமும் போட்டுத் தருகிறோம் என்று இரண்டு கட்சியும் அவரிடம் சொல்லியிருந்தது. முதலில் வேன் கொண்டுவந்தது இவர்கள். அதனால் இங்கே இருந்தார்.

தலைவர் தேர்தலுக்கு இரண்டு நாள் இருந்தபோது தொடரில் ஒரு நாவிதர் கதை வந்து முடிந்தது. ஊரில் இரண்டு பக்கமும் சரிசமமாக நிற்க, நாவிதர் ஒருவரின் ஓட்டில்தான் எல்லாம் இருக்கிறது. மாட்டுக்காரர் அவரைத் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார். உன் பாதுகாப்புக்குத்தான் என்கிறார். தினமும் வறுத்த இறைச்சி, மது, வாசலில் துப்பாக்கியோடு ஒருவன். நாவிதர் பயந்துபோய் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறார். முதுகில் சுடுகிறார்கள்.

வாசலில் நின்ற பொறுப்பாளர் உள்ளே பார்க்காமல் மரத்தில் இருந்த குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கட்சிப் பெரியவர் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கோட்டிக்காரப் பய. ஜன்னல் வழியா எதுக்குக் குதிக்கான்? உள்ள இருக்க வரைக்கும்லா அவனுக்கு மதிப்பு. இருந்த எடத்துல இருந்துக்கிட்டே கேட்டிருந்தா மாட்ட எல்லாம் எழுதிக் குடுத்திருப்பானுவ."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போனார். சாயங்காலம் பொறுப்பாளரைக் கூப்பிட்டனுப்பினார். நான் காபி கொண்டுபோயிருந்தேன்.

"தம்பி, நான் வேன்ல ஏற மாட்டேன்."

பொறுப்பாளருக்கு முகம் மாறிவிட்டது. "யாரும் பேசுனாவளா யக்கா? அந்தப் பக்கத்து ஆளு எவனும் உள்ள வந்தானா?"

"ஒருத்தனும் வரல. நான் எங்கயும் போகவும் இல்ல. இங்கனதான் இருப்பேன். பாதைய போடுங்க, பாலத்தப் போடுங்க. போட்டாச்சுன்னா வந்து ஓட்டுப் போடுதேன்."

"யக்கா, ஜெயிச்ச பொறவு மொத வேலையே அதான்."

"ஜெயிச்ச பொறவு நீ என்னைய எதுக்குப்பா பாக்கப் போற?"

அவர் மாவட்டத்திடம் பேசினார், ஒன்றியத்திடம் பேசினார், திரும்பி வந்து அக்காவிடம் பேசினார். யாரும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வந்த மனுஷர், ஒருத்தர் வெளியே வர மாட்டேன் என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தாவில் நடந்தார். அவருடைய சட்டை கசங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையிலேயே ஊரில் ஜேசிபி இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. பொறுப்பாளர் தன் போனில் படம் காட்டினார். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை.

"ஜேசிபி எல்லா ஊர்லயுந்தான் நிக்கி. மாஸ்டர் போய்ப் பாத்துட்டு வரட்டும். அவருக்கு எந்தக் கட்சியும் இல்ல."

பொறுப்பாளரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். தென்காசிக் கோபுரத்தைச் சுற்றி, பாவூர்சத்திரம் தாண்டி, அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஜேசிபி நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. வயலோரமாக மண்ணை மேடாக்கி, டிப்பர் டிப்பராகக் கிராவல் கொட்டியிருந்தார்கள். தெருவே வேடிக்கை பார்க்க நின்றது. ஒரு வயதான அம்மா செருப்பில்லாமல் புதுப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு, "குத்துது" என்றார், சந்தோஷமாகத்தான். பாதை வாய்க்கால் கரை வரைக்கும் போய் நின்றது. மாசியில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பாலம் போட ஒரு செங்கல்கூட இறங்கவில்லை.

திரும்பி வரும்போது பொறுப்பாளர் சொன்னார். "மாஸ்டர், பாலம்னா எஸ்டிமேட் போடணும், டெண்டர் விடணும். ஒரு நாள்ல முடியாதுன்னு ஒமக்கே தெரியும். பக்குவமாச் சொல்லும்."

எனக்குப் பக்குவம் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன். "வாய்க்கா கரை வரைக்கும் நல்லாப் போட்டிருக்காவ யக்கா. லாரி போலாம். பாலம் இல்ல."

அந்த நேரம் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, புது நாவிதர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

மூன்று கட்சிப் பெரியவர்தான் வாயைத் திறந்தார். "ஏட்டி, நானும் மூணு கட்சியில இருந்துட்டேன். ஓட்டுக்கு முன்னால மண்ணு விழுந்து நான் பாத்ததில்ல. இதுக்கு மேல இழுத்தா அறுந்துரும்."

"அறுந்தா ஒங்களுக்குத்தான அண்ணாச்சி அறுந்துரும். எனக்கு என்ன?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "கிராவல் நல்லா அமுக்கிருக்கானா, சும்மா தூவி விட்டிருக்கானா?" என்று கேட்டார்.

"ரோலர் ஓடுது யக்கா."

"சரி. காலைல வேன் எத்தன மணிக்கு?"

அவர் ஓட்டுப் போட்டார். இவர்கள் பக்கத்துத் தலைவர் ஜெயித்தார். வேன் போன பிறகு லாட்ஜ் காலியானது. கேபிள்காரர் வந்து எல்லாச் சேனலையும் மறுபடி இணைத்தார். அந்தத் தொடர் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. சாரல் தொடங்குமுன் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். ஹாலில் கேட்ட அந்தச் சிரிப்பு போன இடமெல்லாம் கூடவே வந்தது.

போன ஐப்பசியில் கீழப்பாவூரில் ஒரு கல்யாணச் சமையலுக்கு வந்தபோது, அந்த ஊருக்குப் பேருந்து ஏறினேன். அக்கா அதே இட்லிக்கடையில்தான் இருந்தார். அடையாளம் தெரிந்து, கேட்காமலே இலையைப் போட்டார். பாதை அப்படியே இருக்கிறதாம். மழையில் கொஞ்சம் அரித்தது, தெருக்காரர்களே மண் போட்டுக்கொண்டார்கள். முன்பெல்லாம் வீட்டு வாசலிலிருந்தே சேறு, இப்போது வாய்க்கால் ஒன்றுதான். பாலம் வரவில்லை. போன வாரம்கூட ஒரு பாடையை இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் கொண்டுபோனார்கள் என்றார்.

"கேக்கலையா யக்கா?"

"கேக்காம? கூட்டத்துக்குக் கூட்டம் கேக்கேன். எஸ்டிமேட்டு, எஸ்டிமேட்டுங்கான்." சாம்பாரை ஊற்றிவிட்டு, குரலைக் கொஞ்சம் தணித்தார். "இப்ப தலைவரு மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போறதாப் பேச்சு அடிபடுது. நேத்துக் காலைல நம்ம வெள்ளச் சட்டத் தம்பி வந்துச்சு. ரெண்டு வருசமா இந்தப் பக்கமே தல காட்டாதவன். நல்லா இட்லி தின்னுட்டு, 'யக்கா ஒடம்பு எப்படி இருக்கு'ன்னு கேக்கான்."

"என்ன சொன்னிய?"

"ஒடம்பு நல்லாருக்கு, பாலத்துக்கு எத்தன மூட சிமெண்டு ஆகும்னு விசாரிச்சு வைன்னு சொல்லிட்டேன்" என்றார் அக்கா, அடுத்த ஈட்டு இட்லிக்குத் துணியை நனைத்துக்கொண்டே.