நான் சாத்திய சமையலறைக் கதவு

நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் முதல் கோடை. வீட்டைக் குளிர்விக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். கூடத்து வாசலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி, அதன் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் நான். குளிர்ச்சி வீணாகாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தினேன். அடுப்புச் சூடு கூடத்துக்கு வராமலிருக்கச் சமையலறைக் கதவையும் சாத்தினேன். உள்ளே மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இந்த ஊர் நிலக்கரிக் கட்டி. புகை வராத கரியால் கெடுதலும் வராது என்பது என் விஞ்ஞானம்.

"தலை வலிக்குதுங்க, ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"பட்ட பாடெல்லாம் வீணாயிடும். கொஞ்சம் பொறு" என்று சொல்லிப் புத்தகத்தில் பக்கம் புரட்டினேன்.

பாத்திரம் தேய்க்கச் சமையலறைப் பின்கதவு வழியாக வந்த அஞ்சலை, நான் சாத்திய கதவைத் தள்ளித் திறந்து அலறினாள். "ஐயா! அம்மா வுழுந்து கெடக்குறாங்க, நீங்க படிச்சிக்கினு இருக்கீங்களே!"

இருவருமாகத் தூக்கிக் கொல்லைக் காற்றில் கிடத்தினோம். மூடிய அறையில் கரி கக்கிய, கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்று என்றார் ஓடிவந்த டாக்டர். கண் திறந்தவள் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: "இப்போ ஜன்னலைத் திறக்கலாமாங்க?"

இப்போதெல்லாம் அடுப்பு கொல்லைத் தாழ்வாரத்தில் எரிகிறது, பற்றவைப்பது நான். சமையலறை ஜன்னல் கதவுகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். தட்டிக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது.