காட்டன் செக்ஷனின் உச்ச மதிப்பெண்

1. நடைமுறை

கோணலான ஆளுமைக் குணங்களை அளக்கும் ஓர் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவந்து, அது சரியாக அளக்கிறதா என்று சோதிப்பது, ஓய்வுக்கு முன் நான் பொறுப்பேற்ற கடைசி வேலை. இதற்கான நடைமுறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு நிபுணர் குழு. அதன்பின், எழுதியவர்களிடமே "இதைப் படித்ததும் எதை நினைத்து விடை போட்டீர்கள்?" என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை அடையாறில் கல்லூரி மாணவர்களிடம் மட்டும் முடித்துவிட்டு, எல்லாரிடமும் முடித்ததாக டிக் அடித்தேன்.

2. தி. நகர்

பல தொழில்காரர்களும் சாம்பிளில் வேண்டும் என்பதால் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் அனுமதி வாங்கினேன். மேனேஜர் தெற்கத்திக்காரர், கடையில் எல்லாருக்கும் அண்ணாச்சி. சாப்பாட்டு நேரத்தில் விற்பனைப் பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள்: துளியும் பொருந்தாது என்றால் பூஜ்யம், முழுக்கப் பொருந்தும் என்றால் மூன்று. தாளின் தலைப்பில் "உங்கள் விடைகள் ரகசியமாக வைக்கப்படும்" என்று இருந்தது. அந்த வாக்கியம் நானே எழுதியது.

அன்று சாயங்காலம் டீ வரவழைத்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்: "எங்க பிள்ளைக எப்படி சார்?"

"எல்லாம் நார்மல். ஒருத்தர் மட்டும் ஏமாற்றும் தன்மையில் உச்சம்."

"யாரு சார் அது?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது அண்ணாச்சி. காட்டன் செக்ஷன், ரொம்ப சீனியர்."

காட்டன் செக்ஷனில் ரொம்ப சீனியர் என்றால் ஒரே ஒருவர்தான். அது தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவன் என்று காட்டிக்கொள்ள ஒரு டீ போதுமானதாக இருந்தது.

3. பூஜ்யம்

ஒரே ஆள் சில நாள் கழித்து எழுதினாலும் மதிப்பெண் ஏறக்குறைய அதேதானா என்று பார்ப்பதும் நடைமுறை. இரண்டு வாரம் கழித்துப் போனேன். ராயப்பேட்டையிலிருந்து வரும் தேவகி, பதினேழு வருஷமாகக் காட்டன் புடவை விற்பவர், தாளை நீட்டினார். எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம். போன தடவை பாதிக் கேள்விகளுக்கு மூன்று போட்டவர்.

"என்னம்மா இது?"

"இந்த வாட்டி பொய் எழுதிக்கீறேன் சார். இப்ப நான் நல்லவளா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவரே சொன்னார்.

"'காரியம் ஆகணும்னா பொய் சொல்வேன்'னு கேட்டிருந்தீங்க. 'இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கும்மா'ன்னு நாள் பூரா சொல்லிக்கினுதான் கீறேன். அதுக்குத்தான் சம்பளம். உண்மைய எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பட்டு செக்ஷன் எனக்குத்தான்னு அண்ணாச்சி வச்சிருந்தாரு. நீங்க சொன்னத கேட்டுட்டு முந்தாநாள் அங்க மல்லிகாவ ஒக்கார வச்சிட்டாரு."

பட்டு செக்ஷனில் மெத்தை போட்டிருக்கும், உட்கார்ந்து விற்கலாம். காட்டனில் நாள் முழுக்க நிற்க வேண்டும். சட்டப்படி ஒரு ஸ்டூல் உண்டு, அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. தேவகி இரண்டு காலிலும் நரம்புச் சுருட்டலுக்காகக் கட்டுத்துணி சுற்றியிருந்தார்.

4. மேல்மாடி

அண்ணாச்சியிடம் ஏறிப் போனேன். அந்த மதிப்பெண் தப்பு என்றேன். தேவகி தன் தொழிலைத்தான் எழுதியிருக்கிறார், குணத்தை அல்ல என்றேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ மத்த பிள்ளைகளுக்குப் போட்ட மார்க்கு மட்டும் சரியா சார்?"

நியாயமான கேள்வி. எந்த நிபுணரும் கேட்காதது. தப்பு என்று ஒப்புக்கொண்டால் கடைப் பெண்கள் எல்லாரிடமும் திரும்ப உட்கார்ந்து கேட்க வேண்டும். அறிக்கை என் ஓய்வுக்கு முன் வராது.

"மத்ததெல்லாம் சரிதான் அண்ணாச்சி."

"பெறவு இது மட்டும் எப்படி சார் தப்பாவும்?" என்று சொல்லிவிட்டு பில்லைப் பார்க்கத் தொடங்கினார். நான் கீழே இறங்கினேன். தேவகி நின்றுகொண்டு ஒரு அம்மாவுக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாக வெளியே போனேன்.

முன்னுக்குப் பின் முரணான தாள்களை நீக்கலாம் என்பதும் நடைமுறைதான். தேவகியின் தாள்களை நீக்கினேன். கேள்வித்தாள் நம்பகமானது என்று தேறியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எழுதினவரிடம் உட்கார்ந்து கேட்கும் படியை விடாதீர்கள். டீ குடிக்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். முதலில் அந்தத் தாளை நீங்களே எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தது ஓய்வுபெற்ற பிறகு. 'காரியம் ஆக வேண்டுமென்றால் பொய் சொல்லத் தயங்க மாட்டேன்' என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு மூன்று போட்டேன்.