நான் திருத்திய பாட்டு

புதுப் பாட்டுகள் வெளியாவது வெள்ளிக்கிழமைகளில்தான். அன்று காலை செம்பூர் ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கும்போதே எனக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். லேடீஸ் டப்பாவில் ஏறியதும் ஒரு கை மேலே கம்பிக்கு, மற்றது போனுக்கு. வாஷியில் ஆபீஸ். கப்பல் சரக்கு இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வாஷிக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் சொச்சம் ஆகும். அதற்குள் பதினைந்து பாட்டுகளைக் கேட்டுவிடுவேன். கேட்டுவிடுவேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு. பிடிக்காவிட்டால் அடுத்தது. பிடித்தால் சேமித்து வைத்துவிட்டு அடுத்தது.

பெரிய கம்பெனிகள் வெளியிடும் பாட்டுகள் எனக்கு வேண்டாம். ஷில்லாங்கில் யாரோ சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்தது வேண்டும். கோயம்புத்தூரில் மூன்று எஞ்சினியர்கள் மொட்டை மாடி அறையில் கிடாரையும் டிரம்ஸையும் போட்டு முழக்கியது வேண்டும். தையல் மெஷின் சத்தத்தையே தாளமாக வைத்துப் பாடும் ஒரு போலந்துக்காரி வேண்டும். நூறு பேர்கூடக் கேட்டிராத பாட்டை நான் முதலில் கேட்டுவிட்டேன் என்றால் அன்றைய தினம் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன். மத்தியானத்துக்குள் அந்தத் திருப்தி தீர்ந்துவிடும்.

என் கணவர் ஒரு நாள் சொன்னார்: "நீ பாட்டு கேக்கறியா, வெண்டைக்காய் வாங்கறியா? நுனியை உடைச்சுப் பாத்துட்டுப் போட்டுண்டே போறியே. எதையாவது ரெண்டாம் தடவை கேட்டிருக்கியா?"

"கேக்க நேரம் எங்க இருக்கு? அதுக்குள்ள அடுத்த வாரம் வந்துடறதே" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். அப்பா தமிழ்ப் பத்திரிகைகள் வரவழைப்பார்; என்னை உட்கார வைத்து வாசிக்கவும் வைத்தார். என் வயசில் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார்கள். எனக்கு ஒற்றுப்பிழை இல்லாமல் எழுத வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது அதைக் கர்வம் என்று நினைக்கவில்லை, அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு ஜூலை வெள்ளிக்கிழமை, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி மான்குர்டில் நின்றுவிட்டது. டப்பா முழுவதும் ஈரக் குடைகள். அந்தக் கசகசப்பில்தான் அந்தப் பாட்டு வந்து விழுந்தது. தாராவியைச் சேர்ந்த இரண்டு பேர். ஒரு பேஸ் கிடார், ஒரு டிரம்ஸ், ஒரு பெண் குரல். அதுவரை அதைக் கேட்டிருந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

முதல் அரை நிமிஷத்துக்குப் பேஸ் மட்டும்தான். ஒரு சின்ன அறைக்குள் யாரோ குறுக்கும் நெடுக்கும் நடப்பதுபோல இருந்தது. பிறகு அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். பயிற்சி இல்லாத, கொஞ்சம் மூக்கால் வரும் குரல். திருநெல்வேலித் தமிழ். அதில் ஒரு வரி: ஸ்கூலு விட்ட புள்ள நான், அப்பா தோலுல தூங்குன மத்தியானம்.

எனக்குச் சுருக்கென்றது. தோலுல! அப்பா தோளில் தூங்கிய பிள்ளையைப் பாட வந்து, 'ள' வராமல் தோலாக்கிவிட்டாளே! இத்தனை நல்ல பாட்டில் இப்படி ஒரு ஓட்டையா? பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, அதன் கீழே நானே ஒரு கமெண்ட் எழுத ஆரம்பித்தேன். வண்டி நகராததால் நீளமாக எழுதினேன். அருமையான முயற்சி, புதிய குரல், ஆனால் தோள் வேறு தோல் வேறு, ஒரு எழுத்து மாறினால் பொருளே கெட்டுவிடும், தமிழில் பாடுகிறவர்கள் உச்சரிப்பில் கவனம் வைக்க வேண்டாமா, அடுத்த பதிவிலாவது திருத்திக்கொள்ளுங்கள், வாழ்த்துகள். சுத்தமான தமிழில், முற்றுப்புள்ளிகளோடு. அனுப்பியதும் வண்டி கிளம்பியது. நான் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

அதோடு மறந்தும்விட்டேன்.

ஆறேழு மாசம் கழித்து எங்கள் ஆபீஸ் கேண்டீனில் யாருடைய போனோ அடித்தது. அதே பாட்டு. நான் தட்டை வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன். அக்கௌண்ட்ஸில் வேலை பார்க்கும் மராட்டிப் பெண். பொருள் தெரியாது, அப்பாவைப் பற்றிய பாட்டு என்று மட்டும் தெரியும் என்றாள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் அப்பாக்களின் வீடியோக்களுக்கெல்லாம் அதைத்தான் போடுகிறார்களாம்.

அன்று திரும்பும் வண்டியில் தேடிக் கேட்டேன். அது புதிய பதிவு. பேஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மேலே ஒரு வயலின் வழிந்துகொண்டிருந்தது. தோளுல என்று பாடியிருந்தாள். நாக்கை மடித்து, ஜாக்கிரதையாக, பரீட்சையில் விடை சொல்வதுபோல. நான் கேட்டது அப்படியே நடந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறுக்கும் நெடுக்குமான நடை அதில் இல்லை. வெள்ளிக்கிழமையில் வந்திருந்தால் இருபது விநாடியில் தள்ளிவிட்டிருப்பேன்.

பழைய பதிவைத் தேடினேன். அதை எடுத்துவிட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டை இரண்டாம் தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது, அது எங்கேயும் இல்லை. அந்த வாரம் முழுவதும் ஆபீஸில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே காகிதத்தை மூன்று முறை சரிபார்த்தேன்.

பிறகு அவர்கள் எங்கே பாடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்பூரிலேயே, என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஒரு காபிக் கடையின் மாடியில் பாடினார்கள். முப்பது நாற்காலிகள் இருக்கும். தனியாகத்தான் போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கலாம். பேஸ் வாசித்ததும் அவள்தான். ஐந்தாவதாக அந்தப் பாட்டு. எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். தமிழ் தெரியாதவர்கள்கூடத் தோளுல, தோளுல என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

முடிந்ததும் அவளிடம் போனேன். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "பழைய பதிவுக்குக் கீழ தோள், தோல்னு ஒரு கமெண்ட் வந்ததே, அது நான்தான் எழுதினேன்" என்றேன்.

"அரே, நீங்கதானாக்கா அது!" என்று சிரித்தாள். கோபம் இல்லை. "எனக்குத் தமிழ் வாசிக்க வராதுக்கா. மராட்டி ஸ்கூலு. போனை அம்மாட்ட குடுத்தேன். அம்மா சர்ச்சுல பைபிள் வாசிக்கவ. அவதான் வாசிச்சுச் சொன்னா. எம்புட்டு அழகா எழுதிருக்காவ, படிச்சவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்னா."

"சரிதானே?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேனோ தெரியவில்லை. ஆமாம் என்று அவள் வாயால் வர வேண்டும் என்று ஆசையாக இருந்திருக்கும்.

அவள் கேபிளைக் கீழே வைத்தாள். "இல்லக்கா" என்றாள். "எங்கப்பா லெதர் பேக் தைக்கிறவரு. கார்கானால ஒரு ஓரமா தோலு அடுக்கி வச்சிருக்கும். அம்மா வேலைக்குப் போயிருவா, வீட்டுல ஆளு கெடையாது. ஸ்கூலு விட்டதும் நேரா அங்கதான் போவேன். அந்தத் தோலு மேல ஏறிப் படுத்துருவேன். வாடை அடிக்கும், ஆனா நல்லாத் தூக்கம் வரும். அதத்தான் எழுதுனேன். தோலு. தோலுதான்."

அவள் விடவில்லை. "மத்லப், அதாவது எனக்கு 'ள' நல்லாவே வரும்க்கா. மராட்டில அது இல்லாம ஆவுமா? அதே வரிலதான 'புள்ள'ன்னு பாடிருக்கேன், கேக்கலியா?"

கேட்கவில்லை. அந்த வரியில் எனக்குத் தப்பு மட்டும்தான் கேட்டது. அதற்குப் பின்னால் என்ன பாடினாள் என்பதும் எனக்குத் தெரியாது. பாதியில் நிறுத்தியவள்தானே.

"அப்போ ஏன் மாத்தினே?" என்றேன்.

"நீங்க எழுதுனதுக்குக் கீழ நெறைய பேரு எழுதுனாவ. அப்பா தோலை உரிச்சுப் போட்டுத் தூங்குனியான்னு ஒருத்தன். தாராவித் தமிழ்னு ஒருத்தி, சிரிக்கிற மூஞ்சியோட. எங்கப்பா லெதர் வேலைதான்னு ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லிட்டு இருக்கவா? சொல்லவும் ஒரு மாதிரியா இருந்துச்சு." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுல எனக்கே என் மேலதான் கோவம். சொல்லிருக்கலாம்லா."

அப்போதுதான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு கிடார் உறை. பழுப்புத் தோலில், ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டது. அவள் அப்பா. அவர் தைத்த உறை அது. மகள் என்னை யாரென்று சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்குப் போயி மன்னிப்பா?" என்றார். "எனக்குத் தோளுன்னு பாடுறதுதான் பிடிச்சிருக்கு. கார்கானா வாடையெல்லாம் பாட்டுல எதுக்கு?" பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ஆனா ஒண்ணு, இவள நான் தோளுல தூக்குனதே கெடையாது. தைக்க உக்காந்தா எந்திரிக்க நேரம் ஏது? இப்பம் ஊரே நான் தூக்கி வளத்ததா நெனைக்கு. இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

மகள் சிரிக்கவில்லை. கிடாரை அந்த உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

எனக்கு எதையாவது சரிசெய்தாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. "பழைய பதிவையே திரும்பப் போட்டுடேன்" என்றேன். "அதுதான் உன் பாட்டு. நான் கீழ எழுதறேன், என் தப்புன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொன்னீய, மாத்துனேன். இப்பமும் நீங்கதான் சொல்லுதீய. திருப்பி மாத்தணுமாக்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் பதில் கேட்டாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. அவள் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். வீட்டுக்கு நேராகப் போகாமல் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, காய்கறிக் கடைகளைச் சுற்றி, மறுபடியும் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எழுதினதையாவது அழிச்சுடு" என்றார். அழிக்க ஒன்றும் இல்லை. பழைய பாட்டோடு அதுவும் போய்விட்டிருந்தது. அவள் மட்டும் அதை அம்மா குரலில் கேட்டு ஞாபகம் வைத்திருக்கிறாள்.

என் வெள்ளிக்கிழமைகள் நின்றுவிடவில்லை. நின்றுவிட்டன என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். இப்போதும் புதுப் பாட்டு தேடுகிறேன், இப்போதும் பாதியில் தள்ளுகிறேன். கமெண்ட் மட்டும் எழுதுவதில்லை. தோளுல பாட்டை அவள் இன்னும் அப்படியேதான் பாடுகிறாள். போன வாரம் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில்கூட அது கேட்டது. பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷரிடம் போய் நான் என்ன சொல்ல?

இந்த வெள்ளிக்கிழமை அவர்களுடைய புதுப் பாட்டு வந்தது. செம்பூரில் வண்டி ஏறியதும் அதைத்தான் முதலில் போட்டேன். ஐந்து நிமிஷம். பேஸ் திரும்ப முன்னுக்கு வந்திருந்தது, அதே அமைதியில்லாத நடை. அவள் குரலும் இருந்தது. ஆனால் சொல் ஒன்றுகூட இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வெறும் ஹம்மிங். நான் கோவண்டி தாண்டியும் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்துவிட்டது. மறுபடி போட்டேன்.

மான்குர்டில் அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவளால் வாசிக்க முடிய வேண்டுமே என்று மராட்டி எழுத்தில் தமிழை எழுதினேன். பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. இந்தத் தடவை ஏன் சொற்களே இல்லை?

வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறும்போது பதில் வந்தது. குரல் பதிவு. அவள் பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். பின்னால் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம். "தொண்டை கட்டிருந்துச்சுக்கா, அவ்வளவுதான்" என்றாள். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக அதை நான்கு தடவை கேட்டேன். உண்மையாகத் தொண்டை கட்டியவள் சிரிப்பதுபோலவும் இருந்தது, அப்படி இல்லாததுபோலவும் இருந்தது.

வாஷி வந்துவிட்டது. பின்னால் நின்றவள் என் தோள்பட்டையைத் தட்டி, இறங்கப் போகிறாயா இல்லையா என்று ஹிந்தியில் கேட்டாள். இறங்கினேன்.