ஜெயம் அக்காவும் பிரான்சிலிருந்து வந்த லேப்டாப்பும்

மூலக்குளத்தில் வந்து ஜெயம் வீடு எது என்று கேட்டால், எந்த ஜெயம் என்று திருப்பிக் கேட்பார்கள். டெலீட் ஜெயம் என்றால் போதும், கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "நான் என்னாத்தடா அழிச்சேன்? உள்ள போயி பாக்கறவ நான்" என்று என்னிடமே இரண்டு முறை சண்டைக்கு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான்தான் அந்தப் பெயரை நாலு தெருவுக்குப் பரப்பினேன் என்பது அவருடைய சந்தேகம். சந்தேகம் சரிதான்.

அந்தப் பெயர் வந்தது எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில். வில்லியனூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தி, ஜானகிராமனைக் கட்டிக்கொண்டு மூலக்குளம் வந்தவர் ஜெயம் அக்கா. இரண்டாயிரத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வரிசையின் கடைசி மேஜை அவருடையது. பூட்டி முடித்த பெட்டி வரும். ஆன் செய்ய வேண்டும். விண்டோஸ் வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று நொடிக்குள் டெலீட் பட்டனைத் தட்டினால் நீலத் திரை ஒன்று திறக்கும். பயாஸ் என்று பெயர். அதற்குள் போய் தேதி, நேரம் வைத்து, எந்த டிஸ்கை முதலில் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, சேமித்துவிட்டு வெளியே வர வேண்டும். அந்த இரண்டு நொடி தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

முதல் வாரம் பாதிக்குப் பாதி தப்பியது. பிறகு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு முறை அமுக்கிவிட்டுக் காத்திருப்பதில்லை. சுவிட்சைப் போட்ட கையோடு டொக் டொக் டொக் என்று திரை நீலமாகும்வரை தட்டிக்கொண்டே இருப்பது. நாளைக்கு எண்பது பெட்டி. கடைசி மேஜையிலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்காகத்தான் உடன் வேலை செய்தவர்கள் டெலீட் ஜெயம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான்கு வருடத்தில் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்த அக்காவை, தெருமுனை டியூஷன் சென்டர்க்காரர் வந்து கூப்பிட்டார். தினமும் காலையில் அவருடைய கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிட்டு ஜனவரி ஒன்று என்று காட்டுகிறதாம். அக்கா போனார், மூடியைத் திறந்தார், உள்ளே எட்டணா அளவில் இருந்த பேட்டரியை மாற்றினார், டொக் டொக் என்று தட்டி உள்ளே போய் தேதியை வைத்தார். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் அக்காவுக்குத் தன் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. ஜானகிராமன் அண்ணனின் பழைய மொபெட்டில் ஸ்குரூடிரைவர் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்.

லேப்டாப் வந்த பிறகு கொஞ்சம் திணறினார். உள்ளே போக ஒன்றுக்கு எஃப் டூ, ஒன்றுக்கு எஃப் டென், ஒன்றில் எஸ்கேப். ஆனாலும் சளைக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், "ஆன் பண்ண ஒடனே காபிக்கு எழுந்து போயிடாதீங்க. கீழ ஓரத்துல பொடி எழுத்துல ஒண்ணு வந்துட்டுப் போவும், அத படிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்.

பக்கத்தில் சாரம் என்ற பகுதியில் தெய்வசிகாமணி என்று ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரும் மனைவி அஞ்சலாட்சியும் மட்டும்தான் வீட்டில். ஒரே மகள் நிர்மலாதேவி பிரான்சில். இரண்டாயிரத்து ஆறில் அவள் பிள்ளைத்தாய்ச்சி. அஞ்சலாட்சி அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் விமானம் ஏற டாக்டர் விடவில்லை. பார்க்காமல் தவிப்பார்களே என்று மகள் தான் பயன்படுத்திய லேப்டாப்பையும் ஒரு வெப்கேமராவையும் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மகளைப் பார்த்துப் பேச அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்பே அது பாஸ்வேர்டு கேட்கும். அம்மா பெயரையே சுருக்கி வைத்திருந்தாள் மகள். அஞ்சலா. தெய்வசிகாமணி ஒற்றை விரலால் அதை அமுக்குவார்.

பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு டம்ளர் காபி லேப்டாப்பின் மேல் கவிழ்ந்தது. கவிழ்த்தது யார் என்பதில் இருவருக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு உண்டு. ஜெயம் அக்காவை அழைத்தார்கள். கழற்றிப் பார்த்ததில் உள்ளே ஈரம் இறங்கவில்லை, கீபோர்டு மட்டும் போயிருந்தது. சென்னையிலிருந்து அதே மாடலுக்கு ஒன்று வரவழைத்து, ஆறாம் நாள் பொருத்தினார். ஆன் ஆனது. பாஸ்வேர்டு கேட்டது.

"என்னா பாஸ்வேர்டு சார்?"

"அஞ்சலா. எல்லாம் சின்ன எழுத்து."

அக்கா அடித்தார். திரையில் ஆறு நட்சத்திரம் விழுந்தது. தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. மூன்றாம் முறை பெட்டியே பூட்டிக்கொண்டது. அணைத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து. ஒன்பது முறை ஆயிற்று. மகளுக்கு போன் போட்டார்கள். "அம்மா பேரேதாம்பா, மாத்தவே இல்ல" என்றாள் அவள். டவுனில் ஒரு கடைக்காரரிடம் கேட்டதற்கு, மெயின் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும், ஒரு மாதம் ஆகும் என்றார்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவரால் உள்ளே போக முடியாத பெட்டி அது ஒன்றுதான்.

"நான் மாட்டும்போது எதையோ கெடுத்துட்டேன் போல இருக்குதும்மா" என்றார் அஞ்சலாட்சி அம்மாவிடம். "இன்னும் நாலு நாள்ல கொழந்தய பாக்கற நேரத்துல இப்பிடிப் பண்ணிட்டேனே."

"அட சும்மா இரும்மா. காபியக் கொட்டுனவரே கம்முனு ஒக்காந்துக்கறாரு, நீ ஏன் கண்ணு கலங்கற?" என்று அஞ்சலாட்சி அம்மா நொண்டிக்கொண்டே போய் ஒரு தட்டில் இட்லி வைத்துக் கொண்டுவந்தார். "மொதல்ல சாப்புடு."

அக்கா மறுக்க முடியாமல் தட்டை வாங்கிக்கொண்டார். அந்த இடைவெளியில் தெய்வசிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது.

"ஏம்மா ஜெயம், ஏ எங்க போச்சு?"

"ஏ இருக்குதே சார். இதோ, ரெண்டாவது வரிசையில மொத பட்டன்."

"அங்க எப்பிடிப் போச்சு? மேல் வரிசையில்ல அது? நான் எப்பவும் இங்கதான் அமுக்குவேன். இப்ப இங்க க்யூ ஒக்காந்துகிட்டு இருக்குது."

அக்காவின் கையில் இருந்த இட்லி வாய்க்குப் போகவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பைக்குள் கைவிட்டு, கழற்றிப் போட்டிருந்த பழைய கீபோர்டை எடுத்தார். காபிக் கறையை முந்தானையால் துடைத்தார். மேல் வரிசையின் முதல் எழுத்து ஏ. அதற்குக் கீழே க்யூ. நம் ஊர் கீபோர்டில் இரண்டும் இடம் மாறி இருக்கும். பிரெஞ்சுக்காரர்களின் கீபோர்டே அப்படித்தான் என்பது அக்காவுக்கு அதுவரை தெரியாது. கழற்றும்போது டெலீட் இருக்க வேண்டிய இடத்தில் வேறு என்னவோ எழுதியிருந்ததைப் பார்த்தவர், எழுத்துகளைப் பார்க்கவில்லை.

"சார்" என்றார். "உள்ள இருக்கற பயாஸுக்கு எழுத்தெல்லாம் தெரியாது சார். எந்த எடத்துல அமுக்கறோம், அது மட்டும்தான் தெரியும். ஒங்க பொண்ணு பழைய எடத்த அமுக்கி வச்சது. நான் புது எடத்த அமுக்கிகிட்டு இருக்கறேன். நீங்க எழுத்தப் பாக்காதீங்க. எப்பவும் அமுக்குவீங்க இல்ல, அந்த எடத்துலயே அமுக்குங்க."

"க்யூ மேலயா?"

"க்யூ மேலதான்."

தெய்வசிகாமணி சந்தேகத்தோடு அமுக்கினார். மூன்று ஏ வர வேண்டிய இடத்தில் மூன்று முறை க்யூ. நட்சத்திரங்கள் ஆறும் விழுந்தன. என்டரைத் தட்டினார். திரை ஒரு கணம் கறுத்து, விண்டோஸின் இசை வந்தது.

"வுவாலா!" என்று பிரெஞ்சில் கத்தினார் கிழவர். அஞ்சலாட்சி அம்மா முட்டி வலியை மறந்து எழுந்து நின்றார்.

அக்கா அதோடு விடவில்லை. மறுபடி அணைத்து, எஃப் டூவைத் தட்டி பயாஸுக்குள் போனார். திரை முழுக்க பிரெஞ்சு. ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எந்தப் பெட்டியில் எது எத்தனையாவது வரியில் இருக்கும் என்பது எண்பது எண்பதாகத் திறந்து பார்த்த கைக்குத் தெரிந்திருந்தது. அம்புக்குறியை நகர்த்தி நிறுத்தி, "இது பாஸ்வேர்டு சங்கதியா சார்?" என்பார். தெய்வசிகாமணி குனிந்து படித்துவிட்டு, "ஆமா, அதான்" என்பார். இப்படியே போய் பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, புது கீபோர்டில் அதே பெயரைத் திரும்ப வைத்தார்கள். அஞ்சலா, இந்த முறை எழுத்துகளைப் பார்த்து.

ஐந்தாம் நாள் மத்தியானம் அஞ்சலாட்சி அம்மா போன் செய்தார். "ஜெயம், ஒடனே வந்துடு." அக்கா பயந்துபோய் பையோடு ஓடினார். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. திரையில் ஆஸ்பத்திரி மெத்தையில் நிர்மலாதேவி. அவள் கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. மூக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "அப்பிடியே எங்க அம்மா மூக்கு" என்று அஞ்சலாட்சி அம்மா அழுதார். அந்த அம்மாவைப் பார்த்தே இராத ஜெயம் அக்காவும் ஆமாம் ஆமாம் என்று அழுதார்.

அதற்குப் பிறகு சாரத்திலும் டவுனிலும் பிரான்ஸ் லேப்டாப் வைத்திருந்த வீடுகள் எல்லாம் அக்காவைத் தேட ஆரம்பித்தன. அக்கா ஒரு நோட்டுப் போட்டு, எந்த எழுத்து எங்கே என்று படம் வரைந்து வைத்துக்கொண்டார். பிரெஞ்சு கீபோர்டில் டெலீட்டை 'சுப்ர்' என்று குறுக்கி எழுதியிருக்கும். அக்கா அதை சூப்பர் என்றே படித்தார். ஒரு நாள் போனில் யாரிடமோ, "ஆன் பண்ணிட்டு சூப்பர தட்டிக்கினே இருங்க மதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். மறுமுனையில் இருந்தவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அடுத்த நிமிடம் "வந்துச்சா? நீலமா? அவ்ளோதான்" என்றார் அக்கா.

மறுவருடம் டிசம்பரில் நிர்மலாதேவி குழந்தையோடு ஊருக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் மூலக்குளத்துக்கே ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு தோளில் குழந்தை, ஒரு தோளில் லேப்டாப் பை.

"அக்கா, இது புதுசு. ஆன் பண்ணா என்னென்னமோ கேக்குது. கொஞ்சம் உள்ள போயி பாக்கறீங்களா?" என்று பையைக் கழற்றி நீட்டினாள்.

ஜெயம் அக்கா ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டி எங்கயும் போவாது. மொதல்ல புள்ளயக் குடு."