குழாய் ஸ்பீக்கரும் க்ரீமி பிக்கப்பும்

போன கிழமை எங்க தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல கிட்டார் வாசிச்சேன். மேடையை விட்டு இறங்கினதும் மலையடிவாரத்துக் கீழ் டிவிசன்காரர் ஒருத்தர் ஓடி வந்து கையைப் பிடிச்சார்.

"கச்சேரி பிரமாதம் சேர்! ஏன் இந்த வருசம் நீங்க மட்டும் வாசிக்கல?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க?

நான் ஹட்டன்ல பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கிற ஆளு. திருவிழா அன்னைக்கு மட்டும் கிட்டார்காரன். என் பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்துல ஜெனரேட்டரோ சீரியல் பல்போ இருந்தா போதும், உர்ர்ர்ருன்னு ஆரம்பிச்சுடும். போன வருசம் தீபாராதனை நேரத்துலயும் நிக்கல. கோயில் கமிட்டித் தலைவர் ராமையா அப்பவே சொல்லிட்டாரு... "இன்னொரு தடவை இந்த வண்டு கத்துச்சுன்னா, டீஜேயைக் கூப்பிட்டுருவோம் சேர்."

டீஜே! லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டுக் கையைத் தூக்குற பயலுக்கு எங்க மேடையா? வருசம் பூரா அந்த ஒரு சாயங்காலத்தை நினைச்சுத்தான் நான் பள்ளிக்கூடத்துக்கே போறேன்.

கோளாறு பிக்கப்புல. தந்திக்குக் கீழ இருக்கிற காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும்தான் பிக்கப். ஒத்தைச் சுருளா இருந்தா சுத்தி உள்ள இரைச்சலை எல்லாம் சேர்த்து இழுக்கும். ரெட்டைச் சுருள்ல, ஒண்ணு இழுக்கிற இரைச்சலை இன்னொண்ணு அடக்கிரும். இதை வீட்டுக்காரிக்கு விளக்கினேன்.

"நம்ம வீட்டுலயும்தான் ரெண்டு பேர் இருக்கோம். எங்க அடங்குது?"ன்னு கேட்டா.

சரி, எந்த ரெட்டைச் சுருளை வாங்குறது? அங்கதான் சனி பிடிச்சுது. கீபோர்டு வாசிக்கிறது மோகன், வீட்டுக்காரியோட தம்பி. "நல்லா ஓங்கிக் கத்துறதா எடுங்க மச்சான்"னான். கத்துறதா? ரசனை கெட்ட பய!

ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு யூடியூப்ல உக்காந்தேன். ஒரே தாடிக்காரன், ஒரே பாட்டு, வேற வேற பிக்கப். இது வார்மாம். இது வுடியாம். இது க்ரீமியாம்! தட்டுல சோறு ஆறுது, நான் க்ரீம் தேடுறேன். கடைசியில சன்னமா, பட்டு மாதிரி பேசுற ஒண்ணைக் கொழும்புல இருந்து வரவழைச்சு, ரேடியோ கடையில ஈயம் வச்சுப் பூட்டினேன். வீட்டுல வாசிச்சுப் பார்த்தா இரைச்சல் பூச்சியம். சத்தியமா கண்ணு கலங்கிருச்சு.

ஆனா ஒண்ணை மறந்துட்டேன். திருவிழாவுக்குத் தோட்டத்தோட எல்லா டிவிசனும் வரி குடுக்குது. அதனால எல்லா டிவிசனுக்கும் பாட்டு கேக்கணும், இல்லாட்டி அடிதடிதான். அதுக்காக மர உச்சியில திசைக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுறது எங்க வழக்கம். குழாய்க்கு க்ரீமாவது, பட்டாவது? ஓங்கிக் கத்துறது மட்டும்தான் அதுக்குள்ள இருந்து வெளிய வரும். தபேலா வந்துச்சு. மோகனோட கீபோர்டு வந்துச்சு. என் கிட்டார்? சவுண்டைக் கூட்டினா குழாய் கீய்ய்ங்னு கூவுது, குறைச்சா நான் இருக்கிறதே தெரியல. மேடையில நின்னு உயிரைக் குடுத்து வாசிக்கிறேன், ஒரு சனத்துக்கும் கேக்கல. அழுகையே வந்துருச்சு.

போன வருசம் அந்த வண்டுச் சத்தத்தை வச்சுத்தான் நான் வாசிக்கிறதையே கண்டுபிடிச்சிருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

நாம எதை வாங்கினாலும் இப்படித்தானே? கடைக் கண்ணாடி முன்னால நின்னு செருப்பை அழகு பார்க்கிறோம். நடக்கப்போறது ஹட்டன் மழையில!

மோகன் பல்லை மட்டும் காட்டினான்.

அந்த நேரம் பார்த்து ராமையா என்னை நோக்கி வந்தாரு. போச்சு, டீஜேதான்... வந்தவர் என் தோள்ல தட்டினாரு.

"அடுத்த வருசமும் நீங்கதான் சேர். கிட்டாரை மட்டும் மாத்திராதீங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

பிக்கப்பை நான் சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்கேன் போல!